காயாத பதினோராம் எண்

தொம். தொம். தொம்.

மூன்று தட்டு. பிறகு ஒரு நிறுத்தம். மறுபடியும் மூன்று.

கையிலிருந்த ஸ்கோர் புத்தகத்தைக் கீழே போட்டுவிட்டு எழுந்தேன். மதியம் இரண்டேகால் மணி, அக்னி நட்சத்திர வெயில். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலேயே கரண்டை நிறுத்தியிருந்தார்கள். கூடைப்பந்து உள்ளரங்கில் என்னைத் தவிர யாரும் இல்லை. தகரக் கூரை வெயிலில் விரிந்து சடசடவென்று நெளிகிற ஓசைதான் அதுவரை கேட்டுக்கொண்டிருந்தது.

சத்தம் பந்து அறையிலிருந்து வந்தது. பந்துகளும் வலைகளும் போட்டு வைக்கிற ஜன்னலில்லாத அறை அது. வெளியே பூட்டு தொங்கியது. சாவி என் பாக்கெட்டில் இருந்தது.

எலி என்று நினைத்தேன். எலி பந்து தட்டாது என்று உடனே தோன்றியது.

கதவில் பழைய முதலுதவி அட்டை ஒன்று ஒட்டியிருந்தது. சுளுக்கு, எலும்பு முறிவு, வெயில் மயக்கம். வெயில் மயக்கத்துக்கு நேராக, படுத்திருக்கும் பையனின் உடம்பெல்லாம் ஐஸ் வைத்திருக்கும் படம். அந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டே பூட்டைத் திறந்தேன்.

முதலில் வெளியே வந்தது நாற்றம்.

ஈரச் சாக்கின் நாற்றம். அதோடு புளித்துப்போன சோறு. அதற்கும் அடியில், பலருடைய வியர்வை ஊறி, காயாமல், மேலும் மேலும் ஊறிய ஒரு கனத்த வாடை. வாயைத் திறந்தால் நாக்கில் படிந்துவிடும் போலிருந்தது. நான் உடற்கல்வித் துறையில் ஒன்பது வருடம் வேலை பார்த்தவன். ஆண்பிள்ளைகள் உடை மாற்றும் அறைகளில் பாதி ஆயுளைக் கழித்தவன். எனக்கே குமட்டியது.

பந்துகள் எல்லாம் அலமாரியில் அசையாமல் இருந்தன. தரை மட்டும் நனைந்திருந்தது. ஓர் ஆள் படுத்த நீளத்துக்கு ஈரம்.

எதிர்ச் சுவரின் கொக்கியில் ஒரு பனியன் ஜெர்சி தொங்கியது. ஒரு காலத்தில் மஞ்சளாக இருந்திருக்க வேண்டும். முதுகில் 11. அதன் ஓரத்திலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. இன்னொரு சொட்டு.

விரலால் தொட்டேன். வெளியே நூற்றியாறு டிகிரி. ஜெர்சி, ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததுபோல ஜில்லென்றிருந்தது.

குனிந்து தரை ஈரத்தில் ஒட்டியிருந்த தூளை நகத்தால் எடுத்துப் பார்த்தேன்.

உமி.

"அதைத் தொட்டா கண்ணுல ஒத்திக்கணும், ஆசீர்."

துள்ளிக் குதித்துத் திரும்பினேன். வாசலில் ஹரிஹரசுதன் சார் நின்றார்.

எங்கள் யூனிவர்சிட்டி திருச்சி காட்டூர் தாண்டி, தஞ்சாவூர் சாலையில் இருக்கிற சின்ன யூனிவர்சிட்டி. பெயர் வேண்டாம். ஹரிஹரசுதன் அதன் விளையாட்டு இயக்குநர். அறுபத்தெட்டு வயது. ஓய்வு பெற்றும் அனுப்ப மனமில்லாமல் வைத்திருந்தார்கள். ஆண்கள் கூடைப்பந்து அணிக்கு ஐம்பது வருட வரலாற்றில் ஒரே ஒரு கோப்பைதான். அதை வாங்கிக் கொடுத்த கோச் அவர். இந்த மே மாதம் அணிக்குப் பொன்விழா. விழா மலருக்கு அணியின் வரலாற்றை எழுதும் வேலையை, தற்காலிக வேலையில் இருக்கும் என் தலையில் கட்டியிருந்தார்கள்.

"இது நம்ம காத்தமுத்துவோட ஜெர்சி," என்றார். "தொண்ணூத்தி ஏழு, மே பதினெட்டு. ஃபைனல்ல பத்தொன்பது பாயிண்ட். கோப்பையைக் குடுத்துட்டு அன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல்ல படுத்தவன் எழுந்திருக்கல. மலர்ல முதல் பக்கமே இதுதான் வரணும்."

"ஈரமா இருக்கே சார்."

"பசங்க வியர்வை. ஒவ்வொரு மேட்ச்சுக்கும் எடுத்துட்டுப் போய் பெஞ்சுல கடைசி நாற்காலியில போடுவோம். எல்லாரும் தொட்டுக் கும்பிடுவாங்க. பாரம்பரியம்யா. ஒரு தடவை மறந்துட்டுப் போனோம். நம்ம பையன் ஒருத்தன் காஞ்ச தரையில வழுக்கி விழுந்து முழங்கால் போச்சு. காஞ்ச தரை!"

"இருபத்தொன்பது வருஷமா துவைக்கவே இல்லையா?"

அவர் கொக்கியைப் பார்த்தார். முகம் ஒரு கணம் வேறு யாருடையதோபோல மாறியது.

"துவைச்சோம். காயல."

அவ்வளவுதான் சொன்னார்.

சாயங்காலப் பயிற்சிக்குப் பையன்கள் வந்தார்கள். ஜெர்சியை நாற்காலியில் விரித்தார்கள். ஒவ்வொருவனாக வந்து அதில் கையை அழுத்தி, கண்ணில் ஒற்றிக்கொண்டான். கேப்டன் குனிந்து முத்தமே கொடுத்தான். முதல் வருடப் பையன் ஒருவன் ஓங்கரித்து வாயைப் பொத்திக்கொண்டான்.

"டேய், என்னடா புள்ளத்தாச்சி மாதிரி பண்றே? பிரசாதம்டா அது!" என்று ஒருவன் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தத் துணி அழுத்தும்போதெல்லாம் சொதசொதவென்று நீர் கக்கியது. பன்னிரண்டு பேர் அழுத்தியும் அதில் நீர் குறையவில்லை.

வீட்டுக்குப் போய் மூன்று தடவை சோப்புப் போட்டேன். சாப்பாடு போட வந்த என் மனைவி அக்னஸ் தட்டை வைத்துவிட்டு மூக்கைச் சுளித்தாள்.

"கையில என்னங்க நாத்தம்? மீன் ஏதும் வெட்டினீங்களா?"

தட்டைத் தள்ளி வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை பத்து மணிக்கு அந்தப் பெண்மணி வந்தார். ஐம்பது வயதிருக்கும். லால்குடி பக்கத்துக் கிராமத்தில் அங்கன்வாடி உதவியாளர். பெயர் மாரியாயி. நெற்றியில் வியர்வையும் கையில் பஸ் டிக்கெட்டுமாக உள்ளரங்க வாசலில் நின்றார்.

"பொன்விழான்னு போன்ல போட்டிருந்தாங்க சார். வரலாறு எழுதற சாரு நீங்கதான்னு ஆபீஸ்ல சொன்னாங்க. ஒரு தேதி கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

"என்ன தேதிங்க?"

"என் தம்பி செத்த தேதி."

நாற்காலியை இழுத்துப் போட்டேன். அவர் உட்காரவில்லை.

"காத்தமுத்து அக்கா நான். மே பதினெட்டு ராத்திரின்னு சொல்லித்தான் பாடியைக் குடுத்தாங்க. வைகாசி வளர்பிறை துவாதசி. வருஷா வருஷம் ஸ்ரீரங்கம் அம்மா மண்டபத்துல அப்பா திதி குடுத்தார். அவர் போனப்புறம் என் பையன் குடுக்கறான். மாமனுக்கு மருமகன் குடுக்கலாம்னு சொன்னாங்க."

"சரிங்க."

"ஒரு வருஷம்கூட காக்கா தொடல சார். பக்கத்துல இருக்கறவங்க பிண்டத்துல விழுந்து அடிச்சுக்கும். எங்களுதுகிட்ட வந்து மோந்து பாத்துட்டுப் பறந்துடும். திதி குடுக்கற சாமி போன வருஷம் கேட்டார், 'நாளு சரிதானாம்மா? நாள் தப்பினா தப்பான அட்ரஸுக்குப் போட்ட லெட்டர் மாதிரி, போய்ச் சேராது'ன்னு. அதுலேருந்து தூக்கம் இல்ல எனக்கு." குரல் தாழ்ந்தது. "இருபத்தொன்பது வருஷமா பட்டினியா கெடக்கான் சார். கனவுல வந்து ஈரமா நிக்கறான். பேச மாட்டேங்கறான். எனக்கு நஷ்டஈடு வேணாம், கேஸு வேணாம். சரியான நாளு வேணும். ஒரு வாய் சோறு அவனுக்குப் போய்ச் சேரணும்."

"ஏன் தேதி தப்பா இருக்கும்னு நினைக்கறீங்க?"

"பாடி வந்தப்ப தலையைத் துவட்டினது நான்தான். முடியெல்லாம் தண்ணி. காதுக்குள்ள உமி. நாங்க நெல்லு வெளையற ஊரு சார், உமி தெரியாதா எங்களுக்கு? ஹாஸ்டல்ல ஏது உமி?"

என் நகக்கண் உறுத்தியது.

மேஜை மேலிருந்த பழைய போட்டோவை எடுத்துக் கொடுத்தேன். 1997 கோப்பைப் படம். அந்தக் காலத்து விதிப்படி ஜெர்சி எண்கள் நான்கிலிருந்து பதினைந்து வரைதான். பன்னிரண்டு பேர், பன்னிரண்டு ஜெர்சி. எல்லோரும் பல்லைக் காட்டிச் சிரிக்கிறார்கள். பதினோராம் எண் மட்டும் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தான். முகம் தெரியவில்லை.

மாரியாயி முகத்தைத் தேடவில்லை. முழங்காலைப் பார்த்தார்.

"இது என் தம்பி இல்ல."

"எப்படிங்க சொல்றீங்க?"

"அறுப்புல கருக்கரிவா பட்டு இடது முழங்கால்ல ஏழு தையல். இவன் கால் மொழுமொழுன்னு இருக்கு."

அப்போதுதான் அது கேட்டது.

தொம். தொம். தொம்.

மாரியாயி திரும்பிப் பார்த்தார். பயந்ததாகத் தெரியவில்லை. யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதுபோலத் திரும்பினார்.

"உள்ளே யாரு சார்?"

"யாரும் இல்லைங்க. பூட்டியிருக்கு."

தொம். தொம். தொம்.

"அவன் இப்படித்தான் தட்டுவான்," என்றார் மெதுவாக. "கூடையில போடறதுக்கு முந்தி மூணு தட்டு, ஒரு நிறுத்தம். வீட்டு வாசல்லயும் இதே வேலைதான். எங்கம்மா திட்டும்."

கதவருகே போய் உள்ளங்கையை வைத்தார். கதவின் அடியிலிருந்து தண்ணீர் மெல்லக் கசிந்து அவருடைய செருப்பை நனைத்தது.

சத்தம் நின்றுவிட்டது.

அவர் போன பிறகு பழைய படங்களையெல்லாம் கொட்டித் தேடினேன். மொழுமொழுக் கால் மட்டும் போதாது. கோப்பைப் படத்துப் பதினோராம் எண்ணின் வலது புஜத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு தாயத்து இருந்தது. அதே தாயத்து, முந்தைய வருட ஜூனியர் அணிப் படத்தில், ஒல்லியான ஒரு பையனின் புஜத்திலும் இருந்தது. கீழே பெயர் போட்டிருந்தார்கள். ஜாவித், பாலக்கரை.

ஜாவித் இப்போது பாலக்கரையில் அத்தர் கடை வைத்திருக்கிறார். ஆறடி உயரம் கூனிப்போய், கண்ணாடிக் குப்பிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். நான் உள்ளே காலெடுத்து வைத்ததுமே அவர் முகம் வெளுத்தது.

"யூனிவர்சிட்டியிலேருந்து வர்றீங்க."

"எப்படித் தெரியும்?"

"உங்க கை. நீங்களும் தொட்டுட்டீங்க." தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்துக்கொண்டார். "ஒரு நாளைக்கு நாலு தடவை குளிக்கறேன் சார். மல்லி, சந்தனம், ஜவ்வாது, எல்லாம் பூசிப் பார்த்தாச்சு. ஏன் இந்தத் தொழிலுக்கு வந்தேன்னு நினைக்கறீங்க?"

போட்டோவை அவர் முன் வைத்தேன். அவர் அதைக் குப்புறத் திருப்பி வைத்தார். பிறகு கடையின் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கிசுகிசுப்பாகச் சொல்லத் தொடங்கினார்.

"மே பதினாறு, வெள்ளிக்கிழமை. முந்தின நாள் மேட்ச்சுல காத்தமுத்து ரெண்டு ஃப்ரீ த்ரோ மிஸ் பண்ணிட்டான். அதுக்கு தண்டனை. மத்தியானம் ரெண்டு மணிக்கு வெளி சிமெண்ட் கோர்ட்டுல நாப்பது ரவுண்டு. தண்ணி கிடையாது. தண்ணி குடிச்சா கால் கனத்துடும்பார் சார். முப்பத்தொண்ணுல விழுந்தான். வாயில நுரை. சார் மூக்குல விரல் வெச்சுப் பார்த்தார். போயிட்டான்னார்."

"டாக்டர்?"

"வரல. கூப்பிடவே இல்ல. ஞாயித்துக்கிழமை ஃபைனல் பார்க்க டெல்லி கமிட்டி வருது. காலேஜை யூனிவர்சிட்டியா ஆக்கற கமிட்டி. கோர்ட்டுல பையன் செத்தான்னா எல்லாம் போச்சு. ஃபைனல் முடியற வரைக்கும் அவன் உயிரோட இருக்கணும்னு முடிவு பண்ணிட்டாங்க."

அவர் ஷட்டரை இன்னும் கொஞ்சம் இறக்கினார்.

"பந்து ரூம்ல படுக்க வெச்சு, மீன் ஐஸ் ரெண்டு பாளம் கொண்டாந்தாங்க. உமி போட்டுச் சாக்கு சுத்தின ஐஸ். அவன் மேல, கீழ எல்லாம் அடுக்கிப் பூட்டினாங்க. லிஸ்ட்ல பேரை மாத்த முடியாது. ஜெர்சியும் பன்னிரண்டுதான். அதனால..."

நிறுத்தினார். சட்டையை நெஞ்சிலிருந்து பிடித்து இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அவன் உடம்புலேருந்து சார் அதைக் கழட்டினார். பிழிஞ்சார், சார். பிழிஞ்சு என் கையில குடுத்து, 'இனிமே நீதான் காத்தமுத்து'ன்னார். எனக்குப் பதினெட்டு வயசு. லிஸ்ட்ல இல்லாத பையன் நான். விளையாடணும்னு ஆசை. போட்டுக்கிட்டேன். நெஞ்சுல ஒட்டுச்சு. இன்னிக்கு வரைக்கும் ஒட்டிக்கிட்டுத்தான் இருக்கு."

"செமி-ஃபைனல், ஃபைனல் ரெண்டும் நீங்கதானா?"

"அந்தக் கதவுக்கு முப்பது அடி தள்ளித்தான் விளையாடினேன்."

"அப்போ செத்தது பதினாறாம் தேதி. நிச்சயமா?"

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு ஒரு குப்பியைத் திறந்து இரண்டு கையிலும் அத்தரைக் கொட்டித் தேய்த்துக்கொண்டார்.

"ஜாவித் பாய், வேற ஏதாவது இருக்கா?"

"இல்ல சார்," என்றார், என்னைப் பார்க்காமல்.

அதற்கு மூன்றாம் நாள், மலரின் திருத்த வேண்டிய அச்சுப் பிரதியை எடுத்துக்கொண்டு ஸ்ரீரங்கத்துக்குப் போனேன். ஹரிஹரசுதன் சாரின் ஃபிளாட் உத்தர வீதிக்குப் பக்கத்துச் சந்தில். கதவைத் திறந்தவர் ஈர வேட்டியோடு இருந்தார்.

"உட்காரு. இன்னிக்கு எங்கப்பா திதி. பேசப்படாது."

ஹாலில் உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து நெய் வாசனை வந்தது. திதி செய்து வைக்க வந்த புரோகிதர் அவசரப்படுத்தினார். இன்னும் இரண்டு வீடு போக வேண்டுமாம். சார் விடவில்லை. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பஞ்சாங்கத்தில் விரலை ஓட்டினார்.

"பத்து நாப்பத்திரண்டுக்குத்தான் திதி ஆரம்பிக்கறது. அதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடிகூட ஆரம்பிக்கக் கூடாது. அப்பா பசியோட நிப்பார் ஓய்!"

நான் அவருடைய முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரு நிமிஷம்கூட.

எல்லாம் முடிந்து, இலை போட்டு, வடையும் பாயசமுமாகச் சாப்பிட உட்கார்ந்தார். எனக்கும் ஓர் இலை போடச் சொன்னார். நான் நின்றுகொண்டே கேட்டேன்.

"காத்தமுத்துவோட திதி என்னிக்கு சார்?"

வடையைப் பிய்த்த கை நின்றது.

"பதினெட்டுன்னு போட்டிருக்கே இல்ல?"

"பதினாறு. ஜாவித் சொல்லிட்டார். ஐஸு, உமி, எல்லாம்."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் பாயசத்தை ஒரு வாய் குடித்தார்.

"அந்தக் கோப்பை இல்லேன்னா யூனிவர்சிட்டி இல்ல. யூனிவர்சிட்டி இல்லேன்னா உனக்கு உத்தியோகம் இல்ல. உன் நிரந்தர ஆர்டர் என் டேபிள்ல இருக்கு. பதினெட்டுன்னே போடு."

"அவங்க அக்கா சோறு போட நாள் கேக்கறாங்க சார். வேற எதுவுமே கேக்கல."

"அவாளுக்கெல்லாம் என்னய்யா, நாளா கிழமையா? என்னிக்குப் போட்டாலும் சோறு சோறுதான்."

சொல்லிக்கொண்டே விரல்களை நக்கினார். நக்கியவர் திடீரென்று நின்று, கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். இலையிலிருந்த சோற்றை உற்றுப் பார்த்தார். வெள்ளைச் சோற்றின் நடுவே பழுப்பாக நாலைந்து உமி.

விரலால் ஒதுக்கி இலையோரம் வைத்துவிட்டு, மேற்கொண்டு சாப்பிட்டார்.

பழகிப்போனவர் சாப்பிடுகிற மாதிரி.

படியிறங்கிச் சாக்கடையோரம் குனிந்து வாந்தியெடுத்தேன். காலையில் தின்ற இரண்டு இட்லியும் வந்தது. அப்புறம் வெறும் பித்தம். வாயைத் துடைத்துக்கொண்டு, அங்கேயே நின்று, அச்சுப் பிரதியில் 18 என்பதை அடித்து 16 என்று எழுதினேன். அச்சகத்தில் கொடுத்துவிட்டு மாரியாயிக்குப் போன் செய்தேன்.

"மே பதினாறுங்க."

மறுமுனையில் காலண்டர் தாள் புரளும் சத்தம் கேட்டது. நாள் பார்த்துச் சொல்ல யாரையோ கேட்டார். பிறகு விசும்பல்.

"தசமி சார். ரெண்டு நாள் தள்ளித் தள்ளி சோறு போட்டிருக்கேன் சார், என் தம்பிக்கு."

தசமியன்று காலை ஏழு மணிக்கு அம்மா மண்டபம் படித்துறைக்குப் போனேன். காவிரியில் கணுக்கால் அளவுத் தண்ணீர்தான் ஓடியது. குழாயடியில் குளித்துவிட்டு வந்து ஆங்காங்கே உட்கார்ந்திருந்தார்கள். எள்ளும் வாழைப்பழமும் நசுங்கிய வாசனை. என் கையில் ஒரு பாலிதீன் பை. அதில் பதினோராம் எண். சாவி என்னிடம்தானே இருந்தது, எடுத்து வந்துவிட்டேன். வேலை போனால் போகட்டும்.

ஜாவித்தும் வந்திருந்தார். நான் கூப்பிடவில்லை. மேல் படியில், மரத்தைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

"இவர் யார் சார்?" என்றார் மாரியாயி.

"உங்க தம்பி கூட விளையாடினவர்."

"வாங்க தம்பி, ஏன் தள்ளி நிக்கறீங்க? என் தம்பி சிநேகிதர்னா எனக்கும் தம்பிதான்."

ஜாவித் அழுதுவிடுவார் போலிருந்தது. கிட்டே வரவில்லை.

பையைக் கொடுத்தேன். மாரியாயி ஜெர்சியை எடுத்து மடியில் விரித்தார். அந்த நாற்றத்துக்கு அக்கம்பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். ஒரு பெண் சேலைத் தலைப்பால் மூக்கை மூடினாள். மாரியாயி மட்டும் மூக்கைச் சுளிக்கவில்லை. குழந்தையின் தலையைத் தடவுவதுபோல அந்த 11-ஐத் தடவிக்கொண்டிருந்தார். அவருடைய புடவை முழங்கால் வரை நனைந்தது.

அவர் மகன் எள்ளும் தண்ணீரும் விட்டான். பிண்டத்தை வாழையிலையில் ஏந்திப்போய் மதிற்சுவரில் வைத்தான்.

"கா... கா... மாமா, வாங்க மாமா."

ஒரு காகம் வந்து உட்கார்ந்தது.

மாரியாயி எழுந்து நின்றார். இரண்டு கையும் நெஞ்சில்.

காகம் தலையைச் சாய்த்துப் பார்த்தது. ஓர் அடி எடுத்து வைத்தது. அலகைத் தாழ்த்தியது.

முகர்ந்தது.

பறந்துவிட்டது.

பக்கத்துப் பிண்டத்தில் ஏழெட்டுக் காகங்கள் அடித்துக்கொண்டிருந்தன.

நான் கீழே பார்த்தேன். வெயிலில் காய்ந்து சுட்ட கல்படியில் ஈரப் பாதச் சுவடுகள். வெறுங்கால். ஆற்றிலிருந்து ஏறி வந்தவை அல்ல. பாலிதீன் பை கிடந்த இடத்தில் தொடங்கி, மதிற்சுவர் வரை போய், பிண்டத்துக்கு எதிரே நின்றிருந்தன. இரண்டு பாதமும் அருகருகே, காத்திருப்பவன் நிற்பதுபோல.

ஒவ்வொரு சுவட்டிலும் உமி.

"இன்னிக்கும் இல்லையா?" மாரியாயியின் குரல் உடைந்தது. "இன்னிக்கும் நாள் தப்பா சார்? பதினாறுன்னீங்களே?"

"பதினாறுதாங்க. விழுந்தது பதினாறு. அன்னிக்கே..."

பந்து அறைக் கதவிலிருந்த முதலுதவி அட்டை கண்ணுக்கு முன்னால் வந்தது. வெயில் மயக்கம். படுத்திருக்கும் பையன். உடம்பெல்லாம் ஐஸ்.

வெயிலில் விழுந்தவனைப் பிழைக்க வைப்பதற்குச் செய்கிற வேலை அது.

மெதுவாகத் திரும்பினேன். ஜாவித் மரத்தடியிலிருந்து ஒவ்வொரு படியாக இறங்கி வந்துகொண்டிருந்தார். பாதச் சுவடுகளை மிதிக்காமல், ஓரமாக. மாரியாயியின் முன்னால் வந்து கல்லில் மண்டியிட்டார். கண்கள் அவருடைய மடியிலிருந்த ஜெர்சியை விட்டு அகலவில்லை. அது சொட்டிக்கொண்டே இருந்தது.

"நாளைக்கு ஏகாதசி. நாளைக்குப் போடுங்கக்கா," என்றார்.

"நாளைக்கா? ஏன் தம்பி?"

"பதினேழாம் தேதி, செமி-ஃபைனல் நடக்கறப்ப, பூட்டின அந்த ரூமுக்குள்ளேருந்து பந்து தட்டற சத்தம் கேட்டுச்சுக்கா, மூணு தட்டு, ஒரு நிறுத்தம், மூணு தட்டு... எங்க எல்லாருக்கும் கேட்டுச்சு, சார் பேண்டுக்காரங்களை இன்னும் பலமா வாசிக்கச் சொன்னார்."